படம் ஓடுது, பேச மாட்டேங்குது

அலுவலகத்தில் அவருக்கு லைசென்ஸ்காரர் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் பத்திரமாக இருந்தது. உள்ளங்கையில் அடங்குகிற வீடியோ பிளேயர் செய்து விற்கும் கம்பெனி அது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய் பேருந்தில் படம் பார்க்கலாம், வரிசையில் நிற்கும்போது பாட்டுக் கேட்கலாம். எந்தெந்த வகைப் படம் அதில் ஓட வேண்டும் என்று முடிவு செய்வது இன்ஜினியர்கள் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் முடிவு செய்தது, வணிகவியல் படித்துவிட்டு வந்த, வீடியோவைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாத இவர்தான்.

காரணம் இதுதான். படத்தைச் சுருக்கி வைக்க ஒரு முறை, சத்தத்தைச் சுருக்கி வைக்க வேறொரு முறை. வடிவம் என்று சொல்கிற இந்த ஒவ்வொரு முறைக்கும் சொந்தக்காரர்கள் உண்டு. சிலவற்றுக்கு ஒரு கூட்டமே சொந்தம் கொண்டாடும், அந்தக் கூட்டத்துக்கு ஒரு சங்கம் இருக்கும், விற்கிற ஒவ்வொரு பிளேயருக்கும் அந்தச் சங்கத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால், பிளேயரின் சிப்புக்குள் அந்த வித்தை இருந்தாலும் பூட்டித்தான் வைக்க வேண்டும். யாருக்கு எப்போது எவ்வளவு என்பதெல்லாம் லைசென்ஸ்காரருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் அந்த வடிவம் என்பது என்ன, ஒரு படத்துக்குள் அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார். இன்ஜினியர்களுக்கோ லைசென்ஸ் என்றாலே தலை சுற்றும். மாதம் ஒருமுறை இரண்டு தரப்பும் ஒரு மேசையில் உட்கார்ந்து, எதிரில் இருப்பவருக்குப் புரிந்திருக்கும் என்ற நம்பிக்கையில் தலையாட்டிவிட்டு எழுந்து போவார்கள். அப்படியும் பிளேயர் நன்றாகத்தான் விற்றது.

அந்த மாதக் கூட்டத்தில் அவர் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். கட்டணம் அதிகமான வடிவத்தின் பெயரை வாசிப்பார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். "இது இல்லாட்டி யாராவது அழுவாங்களா?" என்பார். யாரும் வாய் திறக்காவிட்டால் அந்த வடிவத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார். அலுவலகம் முழுக்க இந்தக் கேள்வி பிரபலம். தேநீரில் சர்க்கரை குறைந்தால்கூட, "இது இல்லாட்டி யாராவது அழுவாங்களா?" என்று அவரைப் போலவே கண்ணாடியை ஏற்றிக் காட்டிச் சிரிப்பார்கள். அவரும் கூடச் சிரிப்பார். நல்ல மனிதர்தான்.

அப்படிப்பட்டவருக்குத் தொண்டையில் வினை வந்தது. குரல் கம்மியது, பிறகு கரகரத்தது, பிறகு பாதிப் பேச்சில் காற்றாகப் போனது. தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல்வளையையே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆளே மிஞ்ச மாட்டார் என்று சொல்லிவிட்டார். பிற்பாடு வேறு வழியில் பேசப் பழகலாம், ஆனால் அதற்கு நாளாகும், வந்தாலும் அது இந்தக் குரலாக இருக்காது என்றும் சொன்னார்.

மனைவி அழுது முடித்துவிட்டு, "எழுதிக் காட்டுங்க, நான் படிச்சுக்கிறேன். வாயாடாம இருந்தா வீடு நிம்மதியா இருக்கும்" என்று கேலி பேசும் அளவுக்குத் தேறிவிட்டாள். அவருக்கு உறுத்தியது மகள்தான். குட்டி என்று கூப்பிடுகிற அந்தப் பெண்ணுக்கு இன்னும் படிக்கத் தெரியாது. எழுதிக் காட்டினால் அது அவளுக்கு வெறும் கிறுக்கல். தூங்கப் போகும்போது கதை கேட்காமல் கண்ணை மூட மாட்டாள். இனி அவளோடு எப்படிப் பேசுவது, அப்பாவின் குரல் என்று ஒன்று இருந்தது அவளுக்கு ஞாபகமாவது இருக்குமா என்பதை நினைத்தால், அறுவைச் சிகிச்சையைக் காட்டிலும் அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

வீட்டில் பழைய வீடியோக்கள் இருந்தன. ஆனால் எதிலும் அவர் கிடையாது. எடுத்தவரே அவர்தானே. குட்டி தவழும்போதும் நடக்கும்போதும் ஓரத்திலிருந்து ஒரு குரல் மட்டும், "இங்க பாரு, இங்க பாரு" என்று கேட்கும். முதல் 'இங்க பாரு' சாதாரணமாக வரும், இரண்டாவது மேலே ஏறி இழுபடும். அவ்வளவுதான் அவருடைய பங்கு.

ஆகவே கதைகளைப் பதிவு செய்து வைப்பது என்று முடிவானது. மனைவியின் தம்பி கல்யாண வீடியோ எடுக்கிறவன். தன்னிடம் இருந்ததிலேயே உயர்ந்த கேமராவைக் கொண்டுவந்து, குட்டி வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, அத்தானை நாற்காலியில் உட்கார வைத்து எடுத்தான். மழைக்குப் பயந்த குடையின் கதை, கீழே இறங்க அடம்பிடித்த லிஃப்டின் கதை, ஜோடியோடு சண்டை போட்ட இடதுகால் செருப்பின் கதை. எல்லாம் அவரே அவ்வப்போது வாய்க்கு வந்தபடி கட்டுகிறவை. தொண்டை வலித்தது. பாதிச் சொற்கள் காற்றாக வந்தன. ஆனாலும் சொல்லி முடித்தார். மச்சான் அவற்றை அவர் கம்பெனியின் புது மாடல் பிளேயரில் ஏற்றி, அக்காவிடம் கொடுத்துவிட்டு, வெளியூர்க் கல்யாணங்களுக்குக் கிளம்பிப் போய்விட்டான்.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் துணி கட்டிக்கொண்டு, கையில் குட்டியின் சிலேட்டோடு அவர் வீட்டுக்கு வந்தார். அன்றைக்கே பிளேயரை எடுத்து, மகளை மடியில் உட்கார வைத்து, குடைக் கதையைப் போட்டார். திரையில் அவர் வந்தார், வணக்கம் வைத்தார், வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

ஒலியைக் கூட்டினார். இயர்போனைக் கழற்றி மாட்டினார். லிஃப்ட் கதையைப் போட்டார், செருப்புக் கதையைப் போட்டார். எல்லாவற்றிலும் அவர் கையை ஆட்டி, கண்ணை உருட்டி, ஓயாமல் வாயசைத்துக்கொண்டிருந்தார். ஒரு முணுமுணுப்புக்கூடக் கேட்கவில்லை. அதே பிளேயரில் இருந்த சினிமாப் படத்தைப் போட்டால் அதில் வருகிறவன் போகிறவன் எல்லாம் கணீரென்று பேசினான். இவர் ஒருவர்தான் ஊமை.

மனைவி இயர்போனைச் சந்தேகப்பட்டாள். பிறகு பிளேயரைச் சந்தேகப்பட்டாள். பிறகு தம்பியைச் சந்தேகப்பட்டு அவனுக்குப் போன் போட்டாள். அவன் ஏதோ மண்டபத்தில் இரைச்சலுக்கு நடுவில் நின்றிருந்தான்.

"சத்தமா? இங்க சத்தம் காதைப் பொளக்குதுக்கா."

"டேய், அத்தான் வீடியோவுல சத்தம் இல்லடா."

"அவர் நல்லாத்தான பேசினாரு. நான் பக்கத்துலதான நின்னேன். கொஞ்சம் மெதுவாத்தான் பேசினாரு. மைக்கு எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு இப்ப ஞாபகம் இல்லக்கா."

"நீ கேட்டுப் பாத்தியா இல்லையா?"

"படம் வந்துச்சு, ஏத்திட்டேன். கேமரா கார்டுல இன்னும் இருக்கான்னு கேக்காத. அதை அழிச்சிட்டு அடுத்த கல்யாணத்தை எடுத்துட்டேனே."

அவள் போனை வைத்தாள். லைசென்ஸ்காரர் சிலேட்டில் எதுவும் எழுதவில்லை. அவருக்கு வேறொரு சந்தேகம் வந்துவிட்டது, அதை எழுதிக் காட்ட மனம் வரவில்லை. குரல் ஏற்கெனவே போய்விட்டிருந்ததோ என்பதுதான் அது. பேசுவதாகத் தானே நினைத்துக்கொண்டு வெறும் காற்றை விட்டுக்கொண்டிருந்தாரோ. மச்சான் மரியாதைக்காகத் தலையாட்டினானோ. கேமரா பொய் சொல்லாது, மனிதர்கள்தான் முகத்துக்காகப் பொய் சொல்வார்கள் என்று அவர் தனக்குள் நினைத்துக்கொண்டார். வீட்டில் கணினி இருந்திருந்தால் அதில் போட்டுப் பார்த்திருக்கலாம். நாளெல்லாம் ஆபீசில் அதன் முகத்தில் முழிப்பது போதும் என்று வீட்டுக்கு வாங்காமல் இருந்தவரும் அவரேதான்.

அன்றிலிருந்து அவர் உதட்டை அசைப்பதையே விட்டுவிட்டார். பிளேயரில் தான் வாயசைப்பதைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது, நேரில் வேறு அதைச் செய்து காட்ட வேண்டுமா என்று தோன்றியது. எதுவானாலும் சிலேட்டு. மனைவிக்கு என்றால் அப்படியே காட்டுவார். குட்டிக்கு என்றால் மனைவி படித்துச் சொல்ல வேண்டும். மனைவி குளித்துக்கொண்டிருந்தால் அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஆனால் குட்டி மட்டும் அந்தப் பிளேயரை விடவில்லை. சினிமாவைப் போட்டுக் கொடுத்தால் தள்ளிவிடுவாள். குடை அப்பாதான் வேண்டும். சாப்பிடும்போது, தலை பின்னும்போது, மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு, திரையை மூக்குக்கு நேரே வைத்து, திரும்பத் திரும்பப் பார்த்தாள். சத்தமில்லாத படத்தை இப்படி யாராவது பார்ப்பார்களா என்று அவருக்கு விளங்கவில்லை. ஒருநாள் அவள் சொன்னாள்: "அம்மா, குடை பீரோவுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிச்சு."

"யாரு சொன்னா?"

"அப்பாதான். மழை வந்துச்சில்ல, அதான்."

மனைவி அவரைப் பார்த்தாள். அவர் சிலேட்டை எடுத்து, "கட்டிலுக்கு அடியில்" என்று எழுதினார். அவருடைய கதையில் குடை எப்போதுமே கட்டிலுக்கு அடியில்தான் ஒளியும். மனைவி சிரித்துவிட்டு, "பாவம், அவளா ஒரு கதை கட்டிக்கிறா. கட்டிக்கட்டும்" என்றாள். அவருக்குத் துக்கம் தொண்டையை அடைத்தது. தொண்டை என்று அங்கே பெரிதாக எதுவும் மிச்சமில்லாவிட்டாலும் அடைத்தது.

கடைசியில் மனைவிதான் பொறுக்கமாட்டாமல் பிளேயர் பெட்டியின் மேல் இருந்த உதவி மைய எண்ணுக்குப் போன் செய்தாள். வேண்டாம் என்று அவர் கையைக் காட்டினார். சொந்தக் கம்பெனிக்கே புகார் செய்வது அவருக்குச் சங்கடமாக இருந்தது. குறைந்தபட்சம் நான் யாரென்று சொல்லிவிடாதே என்று எழுதிக் காட்டினார். அவள் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"சொல்லுங்க மேடம், என்ன பிரச்சனை?" என்று ஓர் இளம் பெண் குரல் கேட்டது.

"படம் ஓடுது, பேச மாட்டேங்குது."

"எல்லாப் படமுமா மேடம்?"

"இல்ல, என் வீட்டுக்காரர் வர்ற படம் மட்டும்."

அந்தப் பக்கம் ஒரு யோசனை. "சார் நடிக்கிறவருங்களா?"

"இல்லம்மா, வீட்டுல எடுத்தது. பொண்ணுக்குக் கதை சொல்றாரு."

"சரிங்க மேடம். ஃபைல் பேருக்குக் கடைசியில என்ன போட்டிருக்குன்னு பாருங்க."

"எம்பி4னு இருக்கு."

"அது நம்ம பிளேயர்ல ஓடும் மேடம்."

"ஓடுதும்மா. பேசத்தான் மாட்டேங்குது."

லைசென்ஸ்காரர் வேகமாகத் தலையாட்டினார். எம்பி4 ஓடும் என்று பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது, அதில் ஒரு பிசகும் இருக்க முடியாது. அந்தப் பெண் பொறுமையாக விளக்க ஆரம்பித்தாள்.

"மேடம், எம்பி4ங்கிறது ஒரு டப்பா. டப்பாவை நம்ம பிளேயர் திறந்துரும். உள்ள படம் ஒரு வடிவத்துல இருக்கும், சத்தம் வேற வடிவத்துல இருக்கும். அந்தச் சத்தம் எந்த வடிவம்ங்கிறதைப் பொறுத்துத்தான் கேக்குமா கேக்காதான்னு சொல்ல முடியும்."

"அப்ப எம்பி4 ஓடும்னு போட்டிருக்கிறது?"

"டப்பா திறக்கும்னு அர்த்தம் மேடம்."

மனைவி கணவரைப் பார்த்தாள். கணவர் வாயைப் பிளந்துகொண்டு போனைப் பார்த்தார். இத்தனை வருஷமாக அவர் டப்பாவுக்கும் உள்ளே இருப்பதற்கும் சேர்த்து ஒரே பெயர் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

"நல்ல கேமராவுல எடுத்தீங்களா மேடம்?"

"ஆமா, கல்யாணத்துக்கு எடுக்கிற கேமரா."

"அப்ப அதான். அதுல சத்தம் மூணெழுத்துன்னு நாங்க சொல்ற வடிவத்துல பதிவாகும். போன மாடல் வரைக்கும் அது நம்ம பிளேயர்ல இருந்துச்சு. இதுல எடுத்துட்டாங்க."

"யாரு எடுத்தா?"

"லைசென்ஸ் பிரிவுல மேடம்."

"எதுக்கு எடுத்தாங்களாம்?"

அந்தப் பெண் எதையோ தேடி வாசித்தாள். "இது இல்லைன்னு வருத்தப்படுறவங்க யாரும் இல்லைங்கிறதாலன்னு இங்க போட்டிருக்கு மேடம்."

மனைவி நன்றி சொல்லிப் போனை வைத்தாள். பிறகு கணவர் பக்கம் திரும்பி, "லைசென்ஸ் பிரிவுன்னா நீங்கதான?" என்று கேட்டாள்.

"ஆமா" என்று அவர் சிலேட்டில் எழுதினார்.

அன்று முழுக்க அவர் அந்த வடிவத்தை எடுத்த கூட்டத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பாடுபட்டார். மூணெழுத்து என்ற பெயரை வாசித்தது ஞாபகம் வந்தது. கண்ணாடியை ஏற்றியது, கேள்வி கேட்டது எல்லாம் ஞாபகம் வந்தது. அன்று யாரும் பேசவில்லை. எதற்கெடுத்தாலும் பேசுகிற இன்ஜினியர் ஒருவன் உண்டு, வானொலி என்று அவனுக்குப் பெயர். அவனும் அன்று பேசவில்லை. கையை மட்டும் அப்படியும் இப்படியும் ஆட்டினான். யாரும் அழ மாட்டார்கள் என்கிறான் என்று எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லி, அந்த வடிவத்தை அடித்துவிட்டு எழுந்தது வரைக்கும் கண் முன்னால் வந்தது. அதில் என்ன தப்பு நடந்தது என்றுதான் பிடிபடவில்லை. அதைவிட, சத்தம் டப்பாவுக்குள் இருந்தே கேட்காமல் இருக்கிறதா, அல்லது உள்ளேயே இல்லையா என்பதும் இன்னும் நிச்சயமாகவில்லை. அதற்குப் பதில் ஆபீஸ் கணினியில்தான் இருந்தது.

வெளியே போகலாம் என்று டாக்டர் அனுமதித்ததும் முதல் வேலையாக ஆபீசுக்குப் போனார். எல்லாரும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். பேச முடியாதவரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல், காது கேட்காதவரிடம் பேசுவது போல உரக்கப் பேசினார்கள். அவர் எல்லாருக்கும் தலையாட்டிவிட்டு வானொலியின் மேசைக்குப் போய், பிளேயரையும் சிலேட்டையும் அவன் முன் வைத்தார். நடந்ததையெல்லாம் எழுத மூன்று தடவை அழிக்க வேண்டியிருந்தது.

வானொலி படித்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டான். "சார், அன்னைக்கு எனக்குத் தொண்டைக் கட்டு. ஒரு வார்த்தை வரல. எடுக்காதீங்க, எடுக்காதீங்கன்னுதான் கையை ஆட்டினேன். நீங்க நன்றின்னுட்டு அடிச்சிட்டீங்க."

"எழுதியிருக்கலாமே" என்று எழுதினார்.

"பேனாவை எடுத்தேன் சார். அதுக்குள்ள நீங்க எந்திரிச்சிட்டீங்க. போகட்டும், நமக்குப் புரியாத ஏதோ லைசென்ஸ் விஷயம் போலன்னு விட்டுட்டேன்."

லைசென்ஸ்காரர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். வாய் இல்லாத ஒருவன் ஒருநாள் எதிரில் உட்கார்ந்து கத்தியிருக்கிறான், தான் அதைத் தனக்கு வசதியாகப் படித்துக்கொண்டு போயிருக்கிறோம் என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. தன் மேலேயே ஆத்திரம் வந்தது. வானொலி அதற்குள் பிளேயரைக் கணினியில் சொருகிவிட்டான். ஒலிபெருக்கி திறந்துதான் இருந்தது.

"ஒரு ஊர்ல ஒரு குடை இருந்துச்சாம்..."

அறை முழுக்கத் தலைகள் நிமிர்ந்தன. கரகரத்த, உடைந்த, நடுநடுவே காற்றாகிப் போகிற குரல். ஆனால் குரல்தான். இருந்திருக்கிறது. அவர் பேசியிருக்கிறார். நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டார், கண்ணில் நீர் நிற்கவில்லை. யாரோ ஒருவர் மெதுவாக எழுந்து போய் மின்விசிறியின் இரைச்சலை நிறுத்தினார்.

"...மழைன்னா அதுக்கு உசிரு போற பயம். வானம் இருட்டினா போதும், ஓடிப் போயி பீரோவுக்குப் பின்னால ஒளிஞ்சுக்குமாம்..."

அவர் கண்ணீரைத் துடைத்த கை அப்படியே நின்றது. நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினார். திரும்பப் போடச் சொன்னார். பீரோவுக்குப் பின்னாலதான். அன்று ஏதோ நினைப்பில், கட்டிலுக்குப் பதில் எதிரில் இருந்த பீரோவைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார் போலும். சொன்னவருக்கே ஞாபகம் இல்லாததை, ஒரு சத்தமும் கேட்காமல், குட்டி எப்படிச் சொன்னாள் என்று அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "பீரோவா?" என்று எழுதிக் காட்டினார்.

"பீரோதான் சார். ஏன், ஃபைல் கெட்டுப்போச்சா?" என்று வானொலி குழம்பினான். "சரி, இப்ப என்ன பண்ணலாம் சொல்லுங்க. இந்த ஒரு பிளேயர்ல மட்டும் பூட்டைத் திறந்து விட்டுரவா? புரோகிராம்ல ஒரு வரிதான். யாருக்கும் தெரியாது."

லைசென்ஸ்காரர் பதறிப்போய் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். குரல் போனாலும் லைசென்ஸ் புத்தி போகவில்லை. ஒரே ஒரு பிளேயருக்கு உரிமம் கொடுக்கிற சங்கம் எதையும் அவர் பார்த்ததில்லை.

"அப்ப சத்தத்தை மட்டும் வேற வடிவத்துக்கு மாத்திடலாம். நாம காசு கட்டுற வடிவத்துக்கு."

"மாத்தினா என் குரலா இருக்குமா?" என்று சிலேட்டில் எழுதினார்.

"உங்க குரல்தான் சார். காதுக்குத் தெரியாத துணுக்குகளைக் கொஞ்சம் எடுத்துப் போட்டுரும், அவ்வளவுதான்."

"காதுக்குத் தெரியாதுன்னு யார் முடிவு பண்றது?" என்று அதற்குக் கீழே எழுதினார்.

வானொலி கொஞ்சம் யோசித்தான். "உங்களை மாதிரி யாராவது ஒருத்தர்தான் சார்" என்றான். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். லைசென்ஸ்காரர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம், சத்தத்தை மாற்றி ஏற்றிய பிளேயரைச் சட்டைப்பையில் வைத்து மேலே கையை வைத்துக்கொண்டே வந்தார். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல், குட்டியைத் தூக்கி மடியில் போட்டு, இயர்போனை அவள் காதில் மாட்டி, குடைக் கதையைப் போட்டார். மனைவி கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

குட்டி துள்ளவில்லை, சிரிக்கவில்லை. புருவத்தைச் சுருக்கினாள். "யாரும்மா பேசுறாங்க?" என்றாள்.

"அப்பாதாண்டி."

"அப்பா இப்படியா பேசும்?"

முழுக் கதையையும் கேட்டாள். மரியாதைக்குக் கேட்டது போல இருந்தது. முடிந்ததும் இயர்போனைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். "சத்தத்தை எடுத்துடுப்பா. சத்தம் வந்தா உன் வாயைப் பாக்க மறந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு, ஒலியைக் கடைசி வரைக்கும் குறைத்து, கதையை முதலிலிருந்து போட்டுக்கொண்டு மேசைக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டாள்.

மனைவி சமையலறைக்குப் போனாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இத்தனை அலைச்சலும் எதற்கு என்று இருந்தது. மூணெழுத்தைக் கண்டுபிடித்து, குரலை மீட்டு, உருமாற்றி, கையோடு கொண்டுவந்து கொடுத்தால், பெண் அதை யாரோ என்கிறாள். செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தவர், மனம் நொந்து, தன்னையறியாமல், பல வாரங்களுக்குப் பிறகு உதட்டை அசைத்தார். எல்லாம் வீணாப் போச்சு என்றார். காற்றுக்கூட வரவில்லை.

"என்ன வீணாப் போச்சு?" என்று மேசைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

அவர் திரும்பிப் பார்த்தார். குட்டி பிளேயரை நெஞ்சின் மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தற்செயலாக இருக்கும் என்று அவர் நினைத்தார். சிலேட்டு எங்கோ கிடந்தது. அவர் மேசைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, சத்தமில்லாத உதடுகளால், மாமாவோட மீசை நீலக் கலர் என்றார்.

குட்டி கண்ணைச் சுருக்கினாள். "திரும்பச் சொல்லு."

அவர் திரும்பச் சொன்னார்.

"மாமாவுக்கு மீசையே இல்லையேப்பா" என்று அவள் சிரித்தாள். "பொய்யி. நீ வெறும் பொய்யி."

அவருக்கு மூச்சு ஒரு கணம் நின்று, கழுத்துத் துணிக்குள் புஸ்ஸென்று வந்தது. ஒவ்வொன்றாகக் கேட்டார். பசிக்குதா என்றார், இல்லை, இப்பதான் தின்றேன் என்றாள். செருப்புக் கதை பிடிக்குமா என்றார், பிடிக்காது, அதில் நீ கையை முகத்துக்கு முன்னால் வைத்துக்கொள்கிறாய் என்றாள். சில சமயம் தப்பாகப் படித்தாள், சில சமயம் இரண்டு தடவை கேட்டாள். ஆனால் நடுவில் சிலேட்டு இல்லை, படித்துச் சொல்ல ஆளும் இல்லை. தான் அடித்துப்போட்ட ஒரு வடிவம், இந்தப் பெண்ணை இத்தனை நாளாகத் தன் வாயின் முன்னால் உட்கார வைத்துப் பழக்கியிருக்கிறது என்பது அவருக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார்.

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "யார்கிட்டடி பேசிட்டிருக்க?"

"அப்பாகிட்ட."

"அப்பாகிட்டயா? என்ன சொல்றாரு?"

அவர் மனைவி பக்கம் திரும்பி, கையை ஆட்டி, உதட்டை அசைத்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லப் பார்த்தார். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, கரண்டியும் கையுமாக விழித்துக்கொண்டு நின்றாள். குட்டி மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். அவருடைய மோவாயை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"இங்க பாரு" என்றாள். முதலாவது சாதாரணமாகத்தான் வந்தது. "இங்க பாரு." இரண்டாவது மேலே ஏறி இழுபட்டது. "என்னைப் பாத்துப் பேசுப்பா. அங்க திரும்பிட்டா எனக்கு எப்படிக் கேக்கும்?"

அவர் அவளைப் பார்த்துப் பேசினார்.